முட்டைக்கு விசிறிய மீன்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்கிற ஆளை நான் நம்புவதில்லை. எனக்கு இருந்தது. வயிறெரிய இருந்தது. அதுவும் யார் மேல்? என் சகலை மேல். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், மாங்காட்டில் கொத்தனார், என்னைவிட நான்கு வயது சின்னவர். நகக்கண்ணில் சிமெண்டு காய்ந்த கையோடு சோற்றுக்கு உட்காருகிற மனுஷன். அவரைப் பார்த்து நான் ஏன் எரிய வேண்டும்? காரணம் ஒரு மீன் தொட்டி. ஒரு மீன் தொட்டியும், என் மகளும்.

முதலில் மீன் வளர்த்தது நான்தான், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு லேத் பட்டறையில் டர்னர் வேலை நிரந்தரமானது. நிரந்தரமான மறு மாதமே ஆங்கிள் இரும்பை வெட்டி, பற்ற வைத்து, கண்ணாடி பொருத்தி, பட்டி அடைத்து, நாலடி நீளத்தில் ஒரு தொட்டி கட்டினேன். மூர் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்து விட்டேன். தெருவில் அது வரைக்கும் மீன் என்றால் குழம்புதான். மாலையில் ஜன்னலில் பத்துப் பிள்ளைகளாவது தொங்கும். திருமழிசையிலிருந்து என் மாமனார் பஸ் பிடித்து வந்து தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டுக் குந்திக்கொள்வார். "நம்ம பெரிய மாப்ள கையில இன்னா வித்தையோ" என்று போகிற இடமெல்லாம் சொல்வார். மூத்த மருமகன் என்றால் முதல் இலை, முதல் மரியாதை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சகலை என் தொட்டியைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டார். "அண்ணாத்தே, தண்ணி எத்தினி நாளைக்கொரு தரம் மாத்தணும்? இன்னா தீனி?" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நானும் சொல்லிக்கொடுத்தேன். கேட்கிறவர் எனக்குக் கீழே இருக்கும் வரை சொல்லிக்கொடுக்க எனக்குக் கஷ்டமே இல்லை.

ஒரு தை மாதம் மாமனார் குடும்பத்தோடு எல்லோரும் ராமேஸ்வரம் போனோம். திரும்புகிற அன்று மண்டபத்தில் ஒரு மீனவர் மண்பானையில் அழகு மீன் வைத்துக்கொண்டு நின்றார். கறுப்பு உடம்பு, மஞ்சள் வால், குறுக்கே பளீரென்று இரண்டு வெள்ளைப் பட்டை. இந்த ஜாதியைப் பிற்பாடு கோமாளி மீன் என்றார்கள். எங்களுக்கு அப்போது பட்டை மீன்தான். கடலுக்கடியில் பூ மாதிரி ஒரு பிராணி இருக்கிறது, தொட்டால் சுடும், ஆனால் இந்த மீன் மட்டும் அதற்குள்ளேயே குடியிருக்கும் என்று அந்த மீனவர் சொன்னார். பானையில் ஐந்து மீன் இருந்தது. இரண்டு பெரிசு, மூன்று பொடிசு.

நான் மூத்த மருமகன் இல்லையா? பெரிசு இரண்டையும் எனக்கு என்று எடுத்தேன். ஒன்றைவிட ஒன்று பெரிது. இருக்கிறதிலேயே பெரியது ஆண், அடுத்த பெரியது பெண், ஜோடி அமைந்தது என்று என் கணக்கு. கல்யாண ஜோடி பார்க்கிற கண்ணோடு பார்த்தால் அப்படித்தான் தெரியும். மீனவர், "ஐயா, பெருசு ரெண்டும் வேற வேற பூவுல புடிச்சது. பொடுசு மூணும் ஒரே பூவுல கெடந்துச்சு, அதுகளப் பிரிக்காதீங்க" என்றார். பொடிசை யார் கேட்டார்கள்? அது சகலைக்குப் போயிற்று. அவர் அதற்கே வாயெல்லாம் பல்.

ரயிலில் ஒரே பக்கெட்டில்தான் ஐந்தும் வந்தன. மீன் மூச்சு முட்டிச் சாகாமல் இருக்க, சகலை வழி நெடுக டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தார். என் ஒன்பது வயது மகள் எதிரே உட்கார்ந்து அவர் கை ஓயும்போது டம்ளரை வாங்கிக்கொண்டாள். நான் மேல் பலகையில் தூங்கிவிட்டேன். என் மீன் பிழைத்ததே அவர் கையால்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பழைய மீன்களைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பிப் பெரிசு இரண்டையும் விட்டேன். அம்பத்தூர் வந்து ஐந்தாம் நாள் இரண்டில் ஒன்று செத்து மிதந்தது. வாலெல்லாம் கந்தல். இரண்டும் விட்ட நிமிஷத்திலிருந்து சண்டை. ஒன்றையொன்று கடித்து, மூலைக்கு மூலை துரத்தி, கண்ணாடியில் மோதி, நான் தட்டிப் பார்த்தும் விலகவில்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டை, சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். மிச்சம் பெரியது ஒன்று, என் கணக்கில் ஆண், தனியாக நின்றது. போதாக்குறைக்கு உப்புத் தண்ணீர் என் ஆங்கிள் இரும்பைத் தின்ன ஆரம்பித்தது. நான் பார்த்துப் பார்த்துப் பற்ற வைத்த மூலையெல்லாம் துரு பிடித்து உரிந்தது. மாதத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடித்தேன்.

சகலையிடம் இரும்பும் கிடையாது, பற்ற வைக்கவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது சிமெண்டு. வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு அதன் கீழே இடுப்பளவு சிமெண்டுத் தொட்டி கட்டி, முன் பக்கம் மட்டும் ஒரு கண்ணாடி வைத்து ஓரத்தில் தார் ஊற்றி அடைத்தார். புது சிமெண்டின் காரம் போக மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி ஊற்றி இறைத்தார். அது வரைக்கும் மீன் அண்டாவில் இருந்தது. கரண்டு கிடையாது, என் வீட்டில் மோட்டார் வைத்துக் காற்று விட்டேன் என்றால், அவர் பழைய லாரி ட்யூபில் சைக்கிள் பம்பால் காற்றடைத்து, அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் விட்டார். ஒரு நாளைக்கு மூன்று வேளை பம்பு அடிக்க வேண்டும். பார்த்துவிட்டுச் சிரித்தேன். "இன்னா சகல, மீனுக்குப் பஞ்சர் ஒட்றியா?" என்றேன். அவரும் கூடச் சிரித்தார்.

கடல் தண்ணீருக்கு நான் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய் இரண்டு பெரிய கேன் கொண்டுவருவேன். அதற்கே எனக்குத் தோள் கழன்றுவிடும். அவர் மாங்காட்டிலிருந்து கடற்கரைக்கு சைக்கிளில் போய், இன்னொரு லாரி ட்யூபில் தண்ணீர் நிரப்பிக் கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்தே வருவார். வந்து வேட்டியில் வடிகட்டி, இரண்டு நாள் இருட்டில் வைத்துத் தெளிய விட்டு ஊற்றுவார். என் மகள் பள்ளிக்கூட லீவு விட்டால் போதும், துணிப்பையைத் தூக்கிக்கொண்டு "சித்தப்பா ஊட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுவாள். அங்கே போய்ப் பம்பு அடிப்பாள், இறாலைப் பொடியாக நறுக்கிப் போடுவாள். என் தொட்டிக்குத் தீனி போடு என்றால், "நீயே போடு நைனா, அது ஒண்ணே ஒண்ணு உம்முனு கீது" என்பாள். அப்போதுதான் எனக்கு முதல் எரிச்சல். என் மகள், என் தொட்டியைப் பார்த்து மீன் கற்றுக்கொண்டவள், போய் உட்காருவது யார் மடியில்?

ஒன்றேகால் வருஷம் போயிற்று. சித்திரையில் ஒரு நாள் சகலை வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினார். "அண்ணாத்தே, முட்ட போட்டுகினு கீது. வந்து பாருங்க" என்றார்.

போனேன். தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த சீமை ஓட்டில், உள்ளங்கை அகலத்துக்குச் செம்மஞ்சள் மணி மணியாக ஒட்டியிருந்தது. அவருடைய மூன்று பொடிசுகளில் ஒன்று இப்போது என் தனிக்கட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது. இன்னொன்று அதில் பாதி. மூன்றாவது கொண்டுவந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு மூலையில். அந்தப் பாதி அளவுள்ள மீன் முட்டையை விட்டு அசையவில்லை. முன் துடுப்பு இரண்டையும் அடித்து அடித்து முட்டை மேல் விசிறிக்கொண்டே இருந்தது. நடுநடுவே வாயால் ஒவ்வொரு முட்டையாகத் தொட்டுத் தொட்டுத் துடைத்தது. அதன் இடது பக்கத்து இரண்டாம் பட்டை நடுவில் அறுந்திருக்கும், அதனால் அடையாளம் தெரியும். பெரிசோ ஊர் சுற்றிவிட்டு எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துப் போயிற்று.

"சின்னது தான் ஆத்தா. பாரு, எப்டி காவல் காக்குது. பெர்சு அப்பன், சும்மா சுத்திகினு கீறான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். எனக்குத் தெரியாதா? சகலை ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த முட்டைகள் பொரிந்தும் குஞ்சுகள் ஒன்றுகூடத் தேறவில்லை, நாலு நாளில் செத்துவிட்டன. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆயுசு மூன்று வாரம். மறுபடியும் முட்டை வைத்தது. இந்தத் தடவை என் மகள் கோடை லீவுக்கு அங்கேயே இருந்தாள். சுவரில் கரியால் நாளுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் பொரியும், இந்தத் தடவை ஒன்றாவது தேறும், அதற்கு அவள் பேர் வைக்கலாம் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆறாம் நாள் அவர் பையனுக்குக் காது குத்து. மாங்காட்டு அம்மன் கோயிலில் குத்திக்கொண்டு வந்து வீட்டில் பந்தல் போட்டுச் சாப்பாடு. மாமனார் திருமழிசைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு வந்து முட்டையைக் காட்டினார். அதற்குள் முட்டை ஒவ்வொன்றிலும் வெள்ளிப் பொட்டு மாதிரி இரண்டு கண் தெரிய ஆரம்பித்திருந்தது. "காது குத்து புள்ளைக்கா, மீனுக்கா?" என்று யாரோ கேலி செய்தார்கள். "நம்ம சின்ன மாப்ள கையில இன்னா வித்தையோ" என்றார் மாமனார். அதே வார்த்தை. எனக்குச் சொன்ன அதே வார்த்தை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க தொட்டியில ஒண்ணு தான கீது மாப்ள? பாவம்" என்றார். பாவம் மீனுக்கா எனக்கா என்று அவர் சொல்லவில்லை.

சகலையின் மனைவி, என் மச்சினிக்கு, இடுப்புப் பிடிப்பு. சகலைதான் அந்தக் கூட்டத்திலும் கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அது நனைத்த துணியைக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தார். என் மகள் அவர் பக்கத்தில் துணி பிழிந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "இன்னா சகல, புள்ளயப் பெத்தது நீயா?" என்று உரக்கக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "பெக்கல அண்ணாத்தே. பாத்துகினு கீறேன், அவ்ளோதான்" என்றார். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

என் மனைவி விருந்தில் மிச்சம் வாங்கிப் போக வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவந்திருந்தாள். கல்யாணத்தில் அவளுக்குச் சீராக வந்தது. மூடியில் அவள் பேரும் அவள் அப்பா பேரும் வெட்டியிருக்கும். நான் திட்டம் போட்டுப் போகவில்லை, அந்த நேரத்துப் புத்தி என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எல்லோரும் முதல் பந்திக்கு உட்கார்ந்தபோது, "நீங்க குந்துங்க, நான் அடுத்த பந்தி" என்று சொல்லிவிட்டு அந்தத் தூக்குவாளியை நானேதான் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

ஆத்தாளைக் கொண்டுபோய் என் தனிக்கட்டையோடு விட்டால் என் வீட்டிலும் முட்டை வைக்கும். இங்கே ஆத்தா இல்லாவிட்டால் எல்லாம் நின்றுபோகும். அவ்வளவுதான் என் யோசனை. தூக்கு மூடியால் வாரிப் பிடிக்கத் தண்ணீருக்குள் கையை விட்டேன். பெரிசு ஓடிப்போய் மூலையில் கிடந்த ஒரு பானை ஓட்டுக்குப் பின்னால் ஒளிந்தது. அந்தச் சின்னது ஓடவில்லை. நேரே வந்து என் விரலைக் கடித்தது. விரல் நீளம்கூட இல்லாத ஜந்து, முழங்கை வரை உள்ளே விட்ட என் கையைக் கடித்துவிட்டு, மறுபடியும் முட்டைக்கு முன்னால் போய் நின்று விசிறிற்று. மறுபடி கை விட்டேன், மறுபடி கடித்தது. ஓடியிருந்தால் அந்தத் தொட்டியில் என்னால் அதைப் பிடித்திருக்கவே முடியாது. ஓடாததால் இரண்டாவது வாரலில் மூடிக்குள் வந்துவிட்டது.

தூக்கில் தண்ணீரோடு அதைச் சாய்த்தேன். பந்தலில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். பதறிப்போய் ஒரு கிழிந்த வாழையிலையைத் தூக்கின் மேல் போட்டு மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் மச்சினி.

"மாமா, தூக்கக் குடுங்க, பாயசம் ஊத்தித் தரேன்."

"வேணாம்மா. ஷிப்டுக்கு நேரமாச்சி."

"மூடி எங்க? இன்னா எல போட்டு மூடிகினு கீறீங்க?"

"கொஞ்சம் சாம்பார் ஊத்திகினேன்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

மச்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயே, கேட்டா தர மாட்டமா? பெரிய மருமவன் ஒளிஞ்சி ஒளிஞ்சி சாம்பார் ஊத்திகினு போறாரு பாருங்க" என்று பந்தலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. மாமனார் மோர் குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறச் சிரித்தார். நான் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பூந்தமல்லியில் வண்டி மாறும்போதுதான் மூடி ஞாபகம் வந்தது. திரும்பிப் போக முடியாது.

வீட்டில் அதை என் தொட்டியில் விட்டேன். என் தனிக்கட்டை மூலையிலிருந்து அம்பு மாதிரி வந்து அதை இடித்தது. பழகிவிடும் என்று ஷிப்டுக்குப் போய்விட்டேன். இரவு நான் திரும்பியபோது மனைவி மட்டும் வந்திருந்தாள். மகள் முட்டை பொரிவதைப் பார்க்க அங்கேயே தங்கிவிட்டாள்.

"சாம்பார் எங்க?" என்றாள் மனைவி.

"பஸ்ல கொட்டிப்போச்சி."

"மூடி எங்க?"

"தெர்ல."

"எங்க அப்பன் ஊட்டு சீரு, அத்தயும் தொலச்சிட்டு வந்துகினு, தெர்லயாம். சாம்பார் திருடப் போன ஆளு மூடிய உட்டுட்டு வரலாமா?" என்று ஒரு வாரம் விடாமல் பாடினாள்.

மூன்றாம் நாள் சகலை என் மகளை சைக்கிளில் கொண்டுவந்து தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே வரவில்லை. வழக்கமாக ஒரு டம்ளர் காப்பியாவது குடிக்காமல் போக மாட்டார். அவளுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சின்ன மீனைக் காணோமாம். குதித்துவிட்டதோ என்று கொட்டகைத் தரையெல்லாம் தேடினார்களாம், எறும்பு வரிசை போகிற இடமெல்லாம் தோண்டிப் பார்த்தார்களாம். விசிற ஆள் இல்லாமல் முட்டை மேல் வெள்ளையாகப் பஞ்சு பூத்துவிட்டதாம். சித்தப்பா கோழி இறகை வைத்து ஒரு பகல் பூராவும் விசிறிப் பார்த்தாராம். மிச்சத்தைப் பெரிசு தின்றுவிட்டதாம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், என் தொட்டிக்கு முன்னால் வந்ததும் பேச்சை நிறுத்தினாள்.

அது தண்ணீரின் மேல்மட்டத்தில், துருப் பிடித்த மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. துடுப்பெல்லாம் கிழிந்திருந்தது. இடது பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டு நின்றது, சனியன்.

"இத்த எங்க வாங்கின நைனா?"

"மூர் மார்க்கெட்ல."

அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "சித்தப்பா ஊட்ல காணாம போன சின்னது அம்மா இல்ல நைனா. அது அப்பா. முட்ட போட்டது பெர்சு. நானே பாத்தேன். ஓட்டு மேல வயித்த வச்சி வச்சி வரிசையா போட்டுகினே போச்சி. சின்னது பின்னாடியே போச்சி. அப்பொறம் பெர்சு போய்டிச்சி, சின்னது தான் அங்கயே இருந்துது."

விசிறினது, துடைத்தது, என்னைக் கடித்தது எல்லாம் அப்பன். ஆத்தா என்று நினைத்து அப்பனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"இத்த உன் பெர்சு அடிக்குது நைனா. வேற எதுலயாவது எடுத்து உடு" என்றாள்.

அன்றே எடுத்துத் தூக்கில் போட்டு மாங்காட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோய் என்னவென்று சொல்வது? மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது? அண்டாவில் விடலாம் என்றால் அதற்கு வேறு கடல் தண்ணீர் வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமைதான். "பாக்கலாம்" என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் அது செத்துவிட்டது. மகள் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூர் மார்க்கெட் கதையை நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தைதானே?

சகலை வீட்டில் எல்லாம் நின்றுபோய்விடும் என்று நான் நினைத்ததும் நடக்கவில்லை. வருஷக்கணக்கில் மூலையில் முடங்கியிருந்ததே அந்த மூன்றாவது பொடிசு, அது நாலே மாதத்தில் மளமளவென்று வளர்ந்து பெரிசோடு ஜோடி சேர்ந்துவிட்டது. கார்த்திகையில் மறுபடியும் அதே ஓட்டில் முட்டை. விசிறிக்கொண்டிருந்தது அந்தப் பொடிசு. "இத்தினி நாளா இது இன்னா ஜாதின்னே தெர்ல அண்ணாத்தே. ஆம்பளயும் இல்ல, பொம்பளயும் இல்ல, சும்மா காத்துகினு இருந்துது போல. எடம் காலியானதும் அப்பனாயிட்சி" என்றார் சகலை. மாமனார் இருந்தார், எல்லோரும் இருந்தார்கள். "கேனத்தனமா பேசாத சகல. பொறக்கும்போதே ஆணு ஆணு தான், பொண்ணு பொண்ணு தான்" என்று நான் சிரித்தேன். மச்சினி உள்ளிருந்து, "மாமாவுக்குச் சாம்பார் ஊத்தவா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சகலையும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

என் தனிக்கட்டை அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தது. தனியாகவே இருந்து தனியாகவே போயிற்று. இரும்பும் முழுக்க உதிர்ந்தது.

மகள் கல்லூரியில் விலங்கியல் எடுத்தாள். எடுத்தது யாரால் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் மாங்காட்டில் எல்லோரும் இருக்கும்போது நோட்டை விரித்துச் சித்தப்பாவுக்குப் படம் போட்டுக் காட்டினாள். "நீ சொன்னது கரெக்ட் சித்தப்பா. இப்போ தான் கண்டுபுடிச்சிகீறாங்களாம், எங்க மேடம் சொன்னாங்க. சின்னதுல எதுவும் ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. கூட்டத்துல பெர்சு எதுவோ அது அம்மா. அடுத்தது அப்பா. மத்ததெல்லாம் காத்துகினு இருக்கும். அம்மா செத்துட்டா அந்த அப்பாவே அம்மாவாயிடும், அடுத்தது அப்பாவாயிடும். திரும்பி மாறாது. ரெண்டு பெர்சா பொறுக்கி ஒரே தொட்டியில உட்டா ரெண்டும் அம்மா, அடிச்சிகினு சாவும்." கடைசியைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். பள்ளிக்கூடம் தாண்டாத கொத்தனார் கண்ணால் பார்த்தே அத்தனையும் சொல்லியிருக்கிறார். நான் வெற்றிலை துப்புகிற மாதிரி வெளியே எழுந்து போய்விட்டேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சீர்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அன்று, அம்மாவின் தூக்குவாளி தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பொருந்தாத ஏதோ ஒரு தட்டுதான் பதினோரு வருஷமாக அதற்கு மூடி. தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தன் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தாள். அந்த மூடி. வெட்டிய பேரில் அழுக்கு ஏறியிருந்தது. அறையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம்.

"எங்க கெடச்சிது?" என்றேன்.

"தொட்டிக்குள்ள, முட்ட ஓட்டுக்குக் கீழ கெடந்துது. மறுநாளே சித்தப்பா எடுத்தாரு. என்னைக் கொண்டாந்து உட்டாரே, அன்னிக்கு என் கையில குடுத்தாரு. உங்க நைனா தேடிகினு இருப்பாரு, குடுத்துடு, அம்மாவுக்குத் தெரிய வேணாம், யாருக்கும் தெரிய வேணாம்னாரு."

"வேற இன்னா சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"நீ ஏன் குடுக்கல?"

"குடுத்திருந்தா, எனக்கும் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சி போயிருக்கும். அப்பொறம் நீ என்ன எப்டி பாப்ப நைனா?" என்றாள். மூடியைத் தூக்கின் மேல் வைத்து அழுத்தினாள். சரியாக உட்கார்ந்தது.

பந்தலில் சகலை வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பதினோரு வருஷம் அந்த மனுஷன் எனக்கு முன்னால் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார், சாம்பார் கேலிக்குக் கூடச் சிரித்திருக்கிறார், ஒரு பார்வையில்கூடக் குத்திக் காட்டியதில்லை. நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் வந்தது வெட்கம் இல்லை. பதினோரு வருஷம் என் மகளுக்கும் அவருக்கும் நடுவில் எனக்குத் தெரியாமல் ஒரு ரகசியம் இருந்திருக்கிறதே என்று வயிறெரிந்தேனே, அதுதான் முதலில் வந்தது.